அம்மாவுக்காகப் பேசிவைத்த வேல்ஸ் கிராமம்

வடமேற்கு வேல்ஸில், எரெரி மலைகளுக்கு நடுவே, இரண்டு ஆறுகள் கூடுகிற இடத்தில் பெத்கெலெர்ட் என்றொரு சின்ன ஊர் இருக்கிறது. கிளாஸ்லின் ஓர் ஆறு, கோல்வின் இன்னொன்று. கருமை படர்ந்த கல்வீடுகள், ஸ்லேட் கூரைகள், ஒரு பழைய கல்பாலம், ஒரு தேவாலயம், தேநீர்க் கடைகள், வெயில் நாளில் வரிசை நீளும் ஐஸ்கிரீம் கடை. வேகமாக நடந்தால் அரை மணி நேரத்தில் ஊர் முடிந்துவிடும். வருகிறவர்களில் பலர் அப்படித்தான் முடித்துக்கொள்கிறார்கள். நாயின் கல்லறை முன் ஒரு படம், கையில் ஓர் ஐஸ்கிரீம், திரும்பவும் கார்.

நாங்கள் காலையில் போய் இருட்டும்வரை இருந்தோம். காதில் ஒலித்த குரல்கள்தான் எங்களை நிறுத்திவைத்தன. அவற்றில் பாதிக் குரல் என்னுடையது.

அம்மா திருநெல்வேலியிலிருந்து கோடைக்கு மான்செஸ்டர் வந்திருந்தார். இங்கே கோட்டை, அரண்மனை எங்கே போனாலும் வாசலில் ஒரு கருவியைக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். பிரெஞ்சு, ஜெர்மன், ஜப்பானிய மொழிகள் எல்லாம் அதில் இருக்கும். நான் போன இடங்களில் தமிழ் இருந்ததில்லை. அம்மாவுக்கு ஆங்கிலம் படித்தால் புரியும். வேகமாகப் பேசினால் பிடிபடாது. மரியாதைக்குக் கொஞ்ச நேரம் காதில் வைத்துக்கொண்டிருந்துவிட்டு, கருவியைக் கைப்பைக்குள் போட்டுவிடுவார். நான் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்தால் இரண்டு பேருக்கும் இடம் பிடிபடாமல் போகும். அவர் என் வாயைப் பார்ப்பார், நான் கருவியின் திரையைப் பார்ப்பேன், கோட்டையை யாரும் பார்க்க மாட்டோம்.

அதனால் இந்த முறை வேறு வழி செய்தேன். இந்த ஊரைப் பற்றிய ஆங்கில ஒலி வழிகாட்டியை வீட்டிலேயே முழுதாகக் கேட்டேன். ஊர் வரலாற்றைக் கொஞ்சம் படித்தேன். பிறகு ஒவ்வோர் இடத்துக்கும் தமிழில் ஒரு குரல் பதிவு பேசி, வரிசை எண் போட்டு, அம்மாவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, எல்லாவற்றையும் அவர் கைபேசியில் முன்கூட்டியே இறக்கிவைத்தேன். கடைசி வேலைதான் மிக முக்கியம். மலைக்கு நடுவே சிக்னல் வரும், போகும். அங்கே போய்த் திறந்துகொள்ளலாம் என்று நினைப்பவருக்கு வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். நிலவரைபடத்தையும் அப்படியே இறக்கிக்கொள்ள வேண்டும்.

பதிவுகளுக்கு எனக்கென்று சில விதிகள் வைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றும் இரண்டு நிமிடத்துக்குள் முடிய வேண்டும். முதல் வாக்கியம் எங்கே நிற்க வேண்டும், எந்தப் பக்கம் பார்க்க வேண்டும் என்று சொல்ல வேண்டும். “ஆற்றுக்கு முதுகைக் காட்டி நில்லுங்கள், இடது கைப்பக்கம் ஒரு மரமும் அதன் அடியில் கற்களும் தெரியும்” என்பதுபோல. கண் இடத்தைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் கதை. ஆண்டுகளை அள்ளிக் கொட்டக் கூடாது. நின்றுகொண்டு கேட்கிறவருக்கு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு ஆண்டுகள் நினைவில் நிற்கும். எல்லாவற்றுக்கும் மேல், யார் சொல்கிறார்கள் என்பதைச் சொல்லிவிட வேண்டும். கல்வெட்டு சொல்கிறதா, ஊரார் சொல்கிறார்களா, தோண்டிப் பார்த்தவர்கள் சொல்கிறார்களா? அச்சில் படிக்கும்போது நாம் கொஞ்சமாவது சந்தேகப்படுவோம். காதுக்குள் ஒரு கனத்த குரல் நிதானமாகச் சொன்னால் எதையும் நம்பிவிடுவோம். பெத்கெலெர்ட் இதற்கென்றே அமைந்த ஊர்.

மான்செஸ்டரிலிருந்து போர்த்மாடோக் என்ற கடலோர ஊர்வரை காரில் போனோம். அங்கே காரை விட்டுவிட்டு வெல்ஷ் ஹைலண்ட் ரயிலில் ஏறினோம். அறுபது சென்டிமீட்டருக்குக்கூடக் கொஞ்சம் குறைவான அகலமுள்ள தண்டவாளத்தில் ஓடும் குட்டி ரயில். கைர்னார்வனிலிருந்து போர்த்மாடோக் வரை 25 மைல். 1923இல் முழுதாகத் திறந்தார்கள், வருமானம் இல்லாமல் 1930களிலேயே மூடினார்கள். தண்டவாளத்தையும் பெயர்த்துவிட்டார்கள். பிறகு தொண்டர்களும் நன்கொடையுமாகச் சேர்ந்து பகுதி பகுதியாக மீட்டு, 2009இல் பெத்கெலெர்ட்டையும் 2011இல் போர்த்மாடோக்கையும் எட்டினார்கள். வண்டியை இழுக்கும் காரட் (Garratt) வகை நீராவி எஞ்சின்களில் சில 1958இல் மான்செஸ்டரில் செய்யப்பட்டு, தென்னாப்பிரிக்காவில் உழைத்துவிட்டு, இங்கே வந்து சேர்ந்தவை. “நம் ஊர் எஞ்சின்” என்று நான் சொன்னதும் அம்மா, “எது நம் ஊர்?” என்று கேட்டார்.

ரயிலில் கேட்பதற்கென்று ஒரே ஒரு பதிவு வைத்திருந்தேன். போர்த்மாடோக்கை விட்டதும் வண்டி தட்டையான புல்வெளியில் ஓடும். மாடுகள், ஆடுகள், வாய்க்கால்கள். பார்க்க ஒன்றுமில்லாத நிலம்போல இருக்கும். அந்த இடத்தில் அம்மா பதிவைப் போட்டார்: இந்தப் புல்வெளி 1811க்கு முன்பு கடல்வாய். வில்லியம் மடாக்ஸ் என்ற நாடாளுமன்ற உறுப்பினர் குறுக்கே ஒரு நீண்ட அணை கட்டிக் கடலை வெளியே தள்ளினார். அதற்கு முன் கடலின் ஏற்றம், இதோ தூரத்தில் தெரிகிற மலை இடுக்கு இருக்கிறதே, ஆபர்கிளாஸ்லின், அந்தப் பாலத்தடிவரை போய் வந்தது. அம்மா கைபேசியைத் தாழ்த்திவிட்டு ஜன்னல் வழியே மலையையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, “அப்படியானால் அந்த மாடு நிற்கிற இடத்தில் மீன் இருந்திருக்கும்” என்றார். நல்ல ஒலி வழிகாட்டி இதைத்தான் செய்ய வேண்டும் என்பேன். கண்முன் இருக்கிற ஒன்றை வேறொன்றாக்கிக் காட்ட வேண்டும். ராஜா பெயர்களின் பட்டியலைப் பிறகு வீட்டில் படித்துக்கொள்ளலாம்.

அதே சமவெளியில் பாண்ட் குரோசோர் பாலத்தருகே 2004 முதல் விரால் அடிப்பான் பறவைகள் கூடு கட்டி வருகின்றன. கோடையில் போகிறவர்கள் வானத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளலாம்.

ஊருக்குள் இறங்கியதும் நேரே நாயின் கல்லறைக்குப் போகாதீர்கள். எல்லோரும் அங்கேதான் ஓடுவார்கள். நாங்கள் தேவாலயத்திலிருந்து தொடங்கினோம். புனித மரியாள் தேவாலயம். முன்பு துறவிகளின் மடம் இருந்த இடம். வேல்ஸின் மிகப் பழைய மடங்களில் ஒன்றாக இதைச் சொல்கிறார்கள். 13ஆம் நூற்றாண்டில் அகஸ்டீனியத் துறவிகளின் கையில் இருந்தது. எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது இதுவும் போயிற்று. எஞ்சியது இன்று ஊர்க் கோயில். உள்ளே போனதும் கிழக்குச் சுவரைப் பாருங்கள். ஒல்லியான, உயரமான, கூர்முனை கொண்ட மூன்று ஜன்னல்கள் பக்கம் பக்கமாக நிற்கும். அவை 13ஆம் நூற்றாண்டு வேலை. காலை வெளிச்சம் அவற்றின் வழியே இறங்கும் நேரத்தில் போக முடிந்தால் நல்லது. தேவாலயத்துக்குள் குரல் பதிவு போடுவதை நான் தவிர்த்தேன். வெளியே மதில் ஓரம் நின்று கேட்டுவிட்டு, காதைக் காலியாக வைத்துக்கொண்டு உள்ளே போனோம். யாராவது மண்டியிட்டிருக்கும் இடத்தில் காதில் எதையோ மாட்டிக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

காதில் மாட்டுவது என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவுக்கு இயர்போன் பிடிக்காது. அவர் கைபேசியைக் காதில் வைத்து, யாரோ அழைத்துப் பேசுவதுபோலவே கேட்டார். ஒருமுறை “ம்… சரி” என்றுகூடச் சொன்னார். இது மிக நல்ல முறை என்று பார்க்கப் பார்க்கத் தெரிந்தது. காற்று இரைச்சல் குறைகிறது. ஒலிபெருக்கியில் போட்டு மற்றவர்களைத் தொந்தரவு செய்ய வேண்டியதில்லை. இன்னொரு காது திறந்திருக்கிறது. ஊர் நடுவே போகும் சாலை குறுகல். கார், பஸ், சைக்கிள் எல்லாம் அதில்தான். நான் இயர்போனை ஒரு காதில் மட்டும் மாட்டிக்கொண்டேன். இரண்டு காதையும் அடைத்துக்கொண்டு பாலத்தின்மேல் நடக்கிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பகீரென்கிறது.

தேவாலயத்திலிருந்து ஆற்றோரமாகத் தெற்கே நடந்தால் சில நிமிடங்களில் புல்வெளிக்கு நடுவே கல்லறை. மரத்தடியில் சிறு வேலி, அதற்குள் கற்கள், வெல்ஷில் ஒன்றும் ஆங்கிலத்தில் ஒன்றுமாக இரண்டு ஸ்லேட் பலகைகள். பலகையில் இருப்பது இதுதான். 13ஆம் நூற்றாண்டில் வட வேல்ஸின் இளவரசர் லெவெலினுக்கு இங்கே அரண்மனை இருந்தது. ஒருநாள் அவர் வேட்டைக்குப் போனபோது கெலெர்ட் என்ற அவருடைய நாயைக் காணவில்லை. திரும்பி வந்தால் நாய் வாயெல்லாம் ரத்தமாக ஓடி வருகிறது. உள்ளே குழந்தையின் தொட்டில் காலி, தரையெல்லாம் ரத்தம். வாளை உருவி நாயைக் குத்திவிட்டார். நாய் சாகும் ஓலத்துக்குப் பதில் சொல்வதுபோலக் குழந்தையின் அழுகை கேட்கிறது. தேடினால் குழந்தை பத்திரமாக இருக்கிறது, அருகே நாய் கொன்றுபோட்ட பெரிய ஓநாய். அதன்பின் இளவரசர் சிரித்ததே இல்லை என்கிறார்கள்.

இந்த இடத்துக்கு நான் இரண்டு பதிவுகள் வைத்திருந்தேன். முதலாவதில் கல்வெட்டில் உள்ளதை மட்டும், ஒரு சொல் கூட்டாமல் சொல்லியிருந்தேன். “இரண்டாவதை ஆற்றங்கரைக்குப் போய்க் கேட்கலாம்” என்றும் சொல்லிவைத்திருந்தேன். அம்மா முதலாவதைப் பாதிதான் கேட்டிருப்பார். கைபேசியைக் காதிலிருந்து எடுத்தார்.

“ஏட்டி, இது நம் கீரிப்பிள்ளை கதை அல்லவா?”

அதேதான். பஞ்சதந்திரத்தில் பிராமணன் வீட்டுக் கீரி. மனைவி குழந்தையை விட்டுவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போகிறாள், பாம்பு வருகிறது, கீரி பாம்பைக் கொன்று வாயில் ரத்தத்தோடு வாசலில் நிற்கிறது, அவள் குடத்தைத் தூக்கி அதன்மேல் போடுகிறாள். தமிழில் இதற்கு இன்னும் பழைய தடம் உண்டு. சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதையில், மதுரைக்கு வெளியே கோவலனைச் சந்திக்கும் மாடலன், அவன் முன்பு செய்த நற்செயல்களை எடுத்துச் சொல்கிறான். அதில் ஒன்று, கீரியைக் கொன்ற மனைவியைப் பிரிந்து வடக்கே போய்விட்ட ஓர் அந்தணனைத் திரும்ப அழைத்து வந்து, பொருள் கொடுத்து, இருவரையும் சேர்த்துவைத்தது. கதையை முழுதாகச் சொல்லாமல் கீரி செத்ததை ஒரே அடியில் தொட்டுவிட்டுப் போகிறார் இளங்கோ. கேட்கிறவர்களுக்குக் கதை தெரியும் என்ற துணிவு இருந்திருக்க வேண்டும்.

இந்தியாவிலிருந்து பாரசீகம், அரபு, லத்தீன் என்று கை மாறி, ஏழு ஞானிகள் கதைத் தொகுதி வழியாகவும் இந்தக் கதை ஐரோப்பாவில் பரவியது. போகிற வழியில் கீரி நாயாயிற்று. பாம்பு சில ஊர்களில் பாம்பாகவே இருந்தது. பிரான்சில் லியோன் அருகே மக்கள் இந்த நாயைப் புனிதராகவே வழிபட்டார்கள், கின்ஃபோர்ட் என்ற பெயரில். 13ஆம் நூற்றாண்டுப் பாதிரியார் ஒருவர் அதைக் கண்டு பதறி எழுதிவைத்திருக்கிறார். ஏழு ஞானிகள் தொகுதி இடைக்கால வெல்ஷ் மொழியிலும் உண்டு. ஆகவே வேல்ஸில் கதை புதிதல்ல. ஆனால் அது இந்த மரத்தடிக்கு எப்படி வந்தது என்பதுதான் என் இரண்டாவது பதிவு.

ஆற்றங்கரையில் ஒரு கல்லில் உட்கார்ந்து அம்மா அதைக் கேட்டார். 1793 வாக்கில் தெற்கு வேல்ஸிலிருந்து டேவிட் பிரிச்சர்ட் என்றொருவர் இந்த ஊருக்கு வந்தார். இன்றைய ராயல் கோட் ஹோட்டலின் முதல் நடத்துநர் அவர். மலை பார்க்கப் பயணிகள் வரத் தொடங்கியிருந்த காலம். வெல்ஷில் “பெத்” என்றால் கல்லறை. ஊர்ப்பெயரில் கல்லறை இருக்கிறது, காட்டுவதற்குக் கல்லறை இல்லை. பிரிச்சர்ட் தனக்குத் தெரிந்த கதையை இந்த ஊரோடும் லெவெலினோடும் ஒட்டவைத்து, ஊர்க்காரர் சிலரைச் சேர்த்துக்கொண்டு கல்லையும் நட்டார். 1800 வாக்கில் வில்லியம் ஸ்பென்சர் என்ற ஆங்கிலக் கவிஞர் இதைப் பாட்டாக எழுதினார். பிறகு என்ன, ஊர் பிரபலமாகிவிட்டது. நூறு ஆண்டு கழித்து, 1899இல், டி. இ. ஜென்கின்ஸ் எழுதிய ஊர் வரலாற்றில் இந்தக் குட்டு உடைபட்டது. கெலெர்ட் என்பது பழைய காலத் துறவி ஒருவரின் பெயராக இருக்கலாம் என்று இப்போது சொல்கிறார்கள். லெவெலின் நிஜமானவர். 1240இல் இறந்தார், இங்கிலாந்து மன்னர் ஜானின் மகளை மணந்தவர். நாய்தான் இல்லை.

பிரிச்சர்டைப் பற்றியே ஊரில் ஒரு பேய்க்கதை இருக்கிறது. உயில் எழுதாமல் செத்துப்போனவர், ஆவியாக வந்து தன் பழைய வேலைக்காரரிடம் அடுப்புக்கல்லுக்கு அடியில் தங்கக்காசு புதைத்திருக்கும் இடத்தைச் சொன்னாராம். கதை கட்டியவரை ஊர் சும்மா விடவில்லை.

இரண்டாவது பதிவு முடிந்ததும் அம்மா ஏமாந்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் கோபப்படவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. “வியாபாரி, வேறென்ன செய்வான்” என்றார். அவருக்கு வேறொரு கேள்வி இருந்தது. “குழந்தையைப் பெற்றவள் எங்கே போனாள்? நம் கதையில் தண்ணீர் எடுக்கப் போனாள். இதில் அவள் பேச்சே இல்லையே?” எந்த ஒலி வழிகாட்டியிலும் நான் கேட்காத கேள்வி. கல்வெட்டில் தாய் இல்லை. நாயைத் தேடுகிறார்கள், குழந்தையைத் தேடுகிறார்கள், அவளை ஒருவரும் தேடவில்லை.

திரும்பவும் கல்லறைக்குப் போனோம். பொய்க் கல்லறை என்று தெரிந்த பிறகு அம்மா அங்கே முன்னைவிட அதிக நேரம் நின்றார். பக்கத்தில் இடிந்த ஒரு சிறு கல்வீட்டுக்குள் வெண்கல நாய் ஒன்று நிற்கிறது. குழந்தைகள் அதன் தலையைத் தடவிவிட்டுப் போகிறார்கள். இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக மக்கள் தேடி வந்து வருத்தப்பட்டுவிட்டுப் போகும் இடத்தைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. பிரிச்சர்ட் நட்ட கல்லும் இப்போது பாரம்பரியம்தான். ஆனால் அது 18ஆம் நூற்றாண்டுக் கடைசியின் பாரம்பரியம், 13ஆம் நூற்றாண்டுடையது அல்ல. அதைச் சொல்லாமல் உருகுகிற ஒலிப்பதிவுகள் மீதுதான் எனக்கு வருத்தம். முதலில் கதை, பிறகு கதையின் கதை, இரண்டுக்கும் நடுவே கொஞ்சம் நடை. இந்த வரிசையில் கொடுத்துப் பாருங்கள், கேட்கிறவர் இரண்டையும் வைத்துக்கொள்வார்.

ஊருக்குக் கிழக்கே சுமார் ஒரு மைலில் சிகன் தாமிரச் சுரங்கம். 1903இல் மூடப்பட்டு, 1986இல் பார்வையாளர்களுக்காகத் திறக்கப்பட்டது. தலைக்கவசம் கொடுத்து உள்ளே அனுப்புவார்கள். வழிகாட்டி உடன் வருவதில்லை. அங்கங்கே ஒலிப்பதிவுகள் பேசும், நாம் நம் வேகத்தில் போகலாம். கூரையிலிருந்து தொங்கும் கசிவுப் பாறைகளில் பச்சை, துரு நிறங்கள். உள்ளே குளிர், ஈரம், நிறையப் படிகள். கீழே நுழைந்து மலைமேல் வெளியே வருகிற அமைப்பு. மூட்டு வலி உள்ளவர்கள் நுழையும்முன் வாசலில் விசாரித்துக்கொள்ள வேண்டும். அம்மா வாசலோடு நின்றுவிட்டார். நான் மட்டும் போனேன். சுரங்கத்துக்குள் ஒலி எனக்கு வேறு மாதிரி வேலை செய்தது. இருட்டில் பார்க்க அதிகம் இல்லாததால் காது முழுதாகக் குரலுக்குப் போகிறது. ஆனால் எனக்கு முன்னே போன கூட்டத்துக்கு ஒரு குரல், பின்னே வருகிறவர்களுக்கு ஒரு குரல் என்று இரண்டும் சுவரில் மோதிக் கலந்தன. கொஞ்சம் நின்று, கூட்டம் போன பிறகு கேட்டால்தான் தெளிவு. காலையில் முதல் ஆளாகப் போவது இன்னும் உத்தமம்.

அதே சாலையில் இன்னும் கொஞ்சம் போனால் டினாஸ் எம்ரிஸ். மரங்கள் மூடிய குன்று. வேல்ஸ் கொடியில் இருக்கிற சிவப்பு டிராகன் பிறந்த இடம் என்று சொல்லலாம். வோர்ட்டிகர்ன் என்ற அரசன் இங்கே கோட்டை கட்டப் பார்க்கிறான், கட்டியது எல்லாம் இரவில் மறைந்துபோகிறது. தந்தையில்லாத ஒரு சிறுவனைப் பலி கொடுத்தால் நிற்கும் என்கிறார்கள் மந்திரவாதிகள். பிடித்து வந்த சிறுவன், அடியில் ஒரு குளம் இருக்கிறது, அதில் இரண்டு டிராகன்கள் தூங்குகின்றன என்று சொல்கிறான். தோண்டினால் சிவப்பும் வெள்ளையும் எழுந்து சண்டை போடுகின்றன, கடைசியில் சிவப்பு வெல்கிறது. வேல்ஸ்காரர்களின் முன்னோரான பிரிட்டானியருக்கும் வெளியிலிருந்து வந்த சாக்சனியருக்கும் நடந்த சண்டையின் குறி அது. இந்தக் கதை 9ஆம் நூற்றாண்டு லத்தீன் வரலாற்று நூலிலேயே இருக்கிறது. எந்த ஹோட்டல்காரரும் கட்டியதல்ல. 1950களின் நடுவில் அகழாய்வு செய்தபோது உச்சியில் வெட்டிய குளம் ஒன்றும், ரோமர் காலத்துக் கடைசியையும் அதற்குப் பிந்தைய காலத்தையும் சேர்ந்த குடியிருப்புத் தடயங்களும் கிடைத்தன. டிராகன் கிடைக்கவில்லை, குளம் கிடைத்தது.

பெத்கெலெர்ட்டில் எனக்கு மிகப் பிடித்தது இந்தக் குன்றுதான். மேலே ஒரு கோபுரத்தின் அடிக்கட்டு மட்டும் இருக்கிறது. தகவல் பலகை தேடி நடக்க வேண்டியதில்லை. குரல் சொல்வதைக் கேட்டுக்கொண்டே எது குளம், எது சுவர் என்று நாமே கண்டுபிடிக்க வேண்டும். வழி செங்குத்து, மழைக்குப் பின் வழுக்கும். அம்மா கீழே கிராஃப்லுவின் வீட்டுப் பக்கம் இருந்துகொண்டு பதிவைக் கேட்டார். நான் மேலே ஏறி நின்று அதே பதிவைக் கேட்டேன். கைபேசியின் இருப்பிடத்தை வைத்துத் தானாகப் பேசத் தொடங்கும் வழிகாட்டிகளை நான் இங்கே நம்பவில்லை. அடர்ந்த மரங்களுக்கும் செங்குத்துப் பாறைக்கும் நடுவே புள்ளி தாவிக்கொண்டே இருக்கும். கையால் எண்ணைத் தட்டிப் போடுகிற பழைய முறையே மேல். குளிர் நாளில் பேட்டரி சீக்கிரம் இறங்கும். உள்சட்டைப் பையில் வைத்துக்கொண்டால் தாங்கும்.

ஆபர்கிளாஸ்லின் இடுக்கில் மீனவர் பாதை என்று ஆற்றை ஒட்டி ஒரு வழி போகிறது. பாறையில் இரும்புப் பிடிகள் அடித்திருக்கும் அளவுக்கு ஒடுக்கம். அங்கே எல்லா ஒலியையும் நிறுத்திவிடுங்கள். ஆற்று இரைச்சலில் ஒன்றும் கேட்கவும் கேட்காது, கால் வைக்கும் இடத்தில்தான் கவனம் இருக்க வேண்டும்.

இன்னொரு சிறு உத்தி. வேல்ஸில் ஒலி வழிகாட்டிகள் பல இடங்களில் வெல்ஷிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். புரியாவிட்டாலும் வெல்ஷ் பதிவை ஒருமுறை ஓடவிடுங்கள். ஊர்ப்பெயர்களை எப்படிச் சொல்வது என்பது எழுத்தைப் பார்த்து வராது, காதில் விழுந்தால் வரும். குவினெத் மாவட்டத்தில், 2021 கணக்கெடுப்பின்படி, மூன்று வயதும் அதற்கு மேலும் ஆனவர்களில் 64.4 சதவீதம் பேர் வெல்ஷ் பேசுகிறவர்கள். கடையிலும் பஸ்ஸிலும் ஊர்ப்பெயரைச் சரியாகச் சொல்லிக் கேட்டால் முகத்தில் ஒரு மலர்ச்சி தெரியும். நான் நாக்கைப் பழக்கிக்கொண்டது அப்படித்தான்.

அன்று இரவு அம்மா ஊரில் இருக்கும் என் தங்கைக்குப் போன் போட்டு நாய்க் கதையைச் சொன்னார். நான் பாத்திரம் கழுவிக்கொண்டே கேட்டேன். ஓநாய்க்குப் பதில் பாம்பு வந்துவிட்டது. ராணி ஆற்றுக்குத் தண்ணீர் எடுக்கப் போயிருந்தாள். வேல்ஸ் ராணி, இடுப்பில் குடம். கடைசியில், “இதெல்லாம் ஒரு ஹோட்டல்காரன் கட்டிவிட்டது” என்று சேர்த்துக்கொண்டார். தங்கை உடனே அந்தப் பதிவுகளைத் தனக்கும் அனுப்பச் சொன்னாள், பிள்ளைகளுக்குத் தூங்கும்போது போட. இடத்தைப் பார்க்காதவர்களுக்கு “இடது கைப்பக்கம் மரம் தெரியும்” என்பது உதவாது. நாய், டிராகன் இரண்டையும் மட்டும் திருத்திப் பேசி அனுப்பினேன்.

போக நினைப்பவர்களுக்கு: குட்டி ரயிலும் சுரங்கமும் ஆண்டு முழுவதும் எல்லா நாளும் இயங்குவதில்லை, கால அட்டவணையைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். மலைச்சுற்று ஊர்களை இணைக்கும் ஷெர்ப்பா பஸ்கள் உண்டு. கடைசிப் பஸ் எத்தனை மணிக்கு என்று காலையிலேயே கேட்டுவையுங்கள். வயதானவர்கள் உடன் வந்தால் ரயில், தேவாலயம், கல்லறை, ஆற்றங்கரை என்ற வரிசையே ஒரு நாளுக்குப் போதும். எல்லாம் பெரும்பாலும் சமதரை. நேரம் குறைந்தால் சுரங்கத்தை விடலாம். மலை ஏற முடிகிறவர்கள் டினாஸ் எம்ரிஸை விட வேண்டாம். ஐஸ்கிரீம் வரிசை பிற்பகலில் நீளும், மதியத்துக்கு முன்பே வாங்கிவிடுங்கள்.